அண்ணியின் எட்டு வருஷம்

அவனுக்குக் கூப்பன் என்ற பெயர் வந்தது முப்பத்தொன்பதாவது வயதில். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் அது இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் கடன் பத்திரக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே அதைத் தொலைத்துவிட்டான்.

மருந்துக் கடைக்கு மேலே இருந்த ஒரு நீளமான அறையில் அந்த வகுப்பு நடந்தது. முன் வரிசை முழுக்க இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், மடியில் லேப்டாப். கடைசி வரிசையில் இவன் மட்டும், மடியில் சாப்பாட்டுப் பை. வாத்தியார் முன்பு பெரிய நிறுவனத்தில் பத்திரங்கள் வாங்கி விற்றவர், பொறுமை குறைந்த மனிதர். உள்ளே வந்ததும் வராததுமாக, "பத்திரத்துல கூப்பன்னா என்ன? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு சுலபமான கேள்வியை வீணாக்குவானேன் என்று நம் ஆள் எழுந்து நின்றான். "கேன்டீன்ல சாப்பாட்டுக்குக் கொடுப்பாங்களே சார், அதான்."

அறை வெடித்துச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரொம்பத் தப்பு இல்ல. அந்தக் காலத்துல பத்திரத்தோட ஓரத்துல சின்னச் சின்ன சீட்டா அச்சடிச்சிருப்பாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒண்ணைக் கத்தரிச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தா வட்டி தருவாங்க. அதுவும் ஒருத்தனோட சாப்பாடுதான்," என்றார். அன்றிலிருந்து வகுப்பில் அவன் கூப்பன் ஆனான். ஒரே மாதத்தில் அது எப்படியோ அவன் ஆபீஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அவனும் மறுப்புச் சொல்லவில்லை.

அந்த ஆபீஸும் பத்திரங்கள் வாங்கி விற்கும் இடம்தான். நாலு மாடி. கூப்பன் தரைத்தளத்தில் தபால் பிரிவில் பதினேழு வருஷமாக இருந்தான். வாங்கல் விற்றல் நடக்கும் மூன்றாவது மாடி டீலிங் ரூமில் கையெழுத்தாகும் சீட்டுகளை எடுத்து முதல் மாடிக் கணக்குப் பிரிவில் சேர்ப்பது அவன் வேலை. ஒரு நாளைக்கு இருபது தடவை மூன்றாவது மாடிக்குப் போவான். கண்ணாடிக் கதவைத் தள்ளுவான், தட்டில் இருப்பதை எடுப்பான், வருவான். அங்கே இருந்தவர்கள் அவனைக் கதவின் ஒரு பாகமாகவே நினைத்திருந்தார்கள்.

இன்ன பரீட்சை தேறும் ஊழியர் எவராக இருந்தாலும் டீலிங் ரூமில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை அறிவிப்புப் பலகையில் குத்தியவனே அவன்தான். குத்தும்போதே வாசித்தான். தரைத்தளத்தில் இருந்த மற்றவர்களும் வாசித்தார்கள், ஆனால் அது தங்களுக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கூப்பன் மட்டும் அங்கேயே நின்றான்.

அவனுக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் இருந்தது. எந்தத் தேதியில் யார் எவ்வளவு தருவார்கள் என்பது ஒரு பத்திரத்தில் முதல் நாளே எழுதியிருக்கும். அவன் வாழ்க்கையில் அப்படி எதுவுமே எழுதியிருக்கவில்லை. அம்மா அவனுக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். பதினோரு வயதில் அப்பா போனார். டாக்டர் அப்பாவிடம் நோயின் பெயரைப் பட்டென்று சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். சாப்பிடவில்லை, பேசவில்லை. பத்தொன்பதாவது நாள் முடிந்துவிட்டது. நோய் கொன்றதா, பெயர் கொன்றதா என்று அண்ணன் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் அவனைவிடப் பதினேழு வயது மூத்தவர். தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணி அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பதினோரு வயதுப் பையன் ஒருவன் அவள் பொறுப்பில் வந்து விழுந்தான். அவள் முகம் சுளிக்கவில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது. அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. யாராவது அதைப் பற்றி இழுத்தால், "எங்க வீட்ல ஒண்ணு இருக்கே, அதுவே ஏழு புள்ளைக்குச் சமம்," என்று இவனைக் காட்டிப் பேச்சை முடித்துவிடுவாள்.

வேலை கிடைத்தபிறகு அவன் ஆபீஸ் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டான். கல்யாணம் என்ற பேச்சு இரண்டு மூன்று தடவை வந்து தானாகவே ஓய்ந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வீட்டுக்குப் போவான். வகுப்பில் சேர்ந்தபிறகு ஞாயிறுதோறும் அண்ணிக்குப் பாடம் நடந்தது.

"வட்டி ஏறினா பத்திரத்தோட விலை இறங்கும் அண்ணி."

"வட்டி ஏறினா நல்லதுதானே? ஏன் இறங்கணும்?"

"புதுசா வர்ற பத்திரம் அதிக வட்டி கொடுக்குதில்ல? அப்ப பழசை யாரு முழு விலைக்கு வாங்குவாங்க?"

"வீட்டுக்குப் புது மருமக வந்தா பழைய மருமகளுக்கு மவுசு குறையற மாதிரி."

"கிட்டத்தட்ட அதேதான்."

"இதைச் சொல்லித்தரவாடா அவ்வளவு பீஸ் வாங்கினாங்க? என்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். தம்பி மூன்றாவது மாடிக்குப் போவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சந்தேகப்பட வேண்டிய நியாயங்கள் நிறைய இருந்தன.

முதல் பரீட்சையில் நடந்ததைக் கேளுங்கள். கூப்பன் ஆறு மாதம் தலையால் தண்ணீர் குடித்துப் படித்தான். ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து, பார்சல் அறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கிழிந்த உறைகளின் பின்பக்கத்தில் தினம் பத்துக் கணக்குப் போட்டான். பரீட்சைக்கு முந்தின நாள் கூட வேலை செய்யும் ஒருவர் வந்து, தன் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். இவனும் பெருமையோடு நிதிக் கால்குலேட்டரை எடுத்து, வருஷத்துக்குப் பன்னிரண்டு தவணை என்று மாற்றிவைத்துச் சொன்னான். திருப்பி வைக்க மறந்துவிட்டான். பத்திரத்துக்கு வருஷத்தில் இரண்டே தடவைதான் வட்டி. மறுநாள் பரீட்சையில் அந்தக் கால்குலேட்டர் எல்லாவற்றையும் பன்னிரண்டாகவே போட்டுத் தள்ளியது. ஒரு விடையாவது கேள்வித்தாளில் கொடுத்திருந்த நாலு விடைகளில் இல்லாமல் இருந்திருந்தால் விழித்துக்கொண்டிருப்பான். ஆனால் கேள்வி போட்டவர்கள் இப்படி ஒருத்தன் வருவான் என்று தெரிந்தே அந்தத் தப்பான விடைகளையும் வரிசையில் வைத்திருந்தார்கள். இவன் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் டிக் அடித்துவிட்டு, முதல் ஆளாக வெளியே வந்தான்.

இரண்டாவது தடவை மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. ஆபீஸ் விதிப்படி மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதுக்கு அவன் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. வாரியத்திலிருந்து ஒரு படிவம் வந்தது.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் டிக் அடித்தால் அண்ணன் இருக்கும்வரை மாதம் இருபத்துநாலாயிரம். அவருக்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டாவது கட்டத்தில் அடித்தால் அவர் இருக்கும்வரை மாதம் இருபதாயிரம், அவருக்குப் பிறகு மனைவிக்கு அவள் இருக்கும்வரை மாதம் பன்னிரண்டாயிரம். ஒரு தடவை அடித்தால் அடித்ததுதான், மாற்ற முடியாது. முதல் கட்டம் என்றால் மனைவியும் கீழே கையெழுத்துப் போடவேண்டும். அந்த இடத்தில், "இதனால் எனக்கு வரக்கூடிய இழப்பைத் தெரிந்தே சம்மதிக்கிறேன்," என்று அச்சிட்டிருந்தது.

அண்ணன் போன் பண்ணினார். "ரெண்டுல எதுடா போடறது? அவளுக்கும் ஏதாவது வேணுமேன்னு பாக்கறேன். ஆனா மாசம் நாலாயிரம் குறையுது. நீதான் இந்தக் கணக்கே படிக்கிறியே, பாத்துச் சொல்லு."

வெறும் தவணைக் கணக்கு இல்லை, ஒரு வாழ்நாள் கணக்கை முதன்முறையாக ஒருவர் அவனிடம் கேட்டார். கூப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்சல் அறையில் நாலு நாள் காலையில் உட்கார்ந்து, நல்ல வெள்ளைத்தாளில் மூன்று பக்கம் எழுதினான். இன்று கையில் இருக்கும் நூறு வேறு, பத்து வருஷம் கழித்து வரப்போகும் நூறு வேறு, தூரம் போகப் போகப் பணம் சுருங்கும் என்பதுதான் அவன் படித்த படிப்பின் சாரம். அதை அப்படியே போட்டான். ஆயுள் அட்டவணையைப் பார்த்தான். அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு, சராசரியாக இன்னும் இருபத்தொரு வருஷம். அண்ணிக்கு ஐம்பத்துமூன்று, இன்னும் இருபத்தொன்பது. ஆக, அண்ணி தனியாக இருக்கப்போவது கடைசி எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் அவளுக்கு வரக்கூடியது பதினொன்றரை லட்சம். ஒன்பது சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அது ஒரு லட்சத்து முப்பதாயிரமாகச் சுருங்கிவிட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் முதல் கட்டம்தான் லாபம். மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் லாபம்.

இரண்டு தடவை சரிபார்த்தான். கால்குலேட்டரில் தவணை எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டான். ஒரு பிழையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பக்கத்தையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினான். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் இரண்டு தடவை இருமினார். அண்ணி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். "நெஞ்சுல சளி. மாத்திரை கொடுத்திருக்காங்க," என்றாள். கூப்பன் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்னவாம், எத்தனை நாளாய் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அண்ணனின் பிறந்த தேதிதான். அதை அவன் முன்பே வாங்கிவிட்டிருந்தான்.

"இங்க கடைசியில எட்டு வருஷம்னு போட்டிருக்கியே, அது என்னது?" என்று அண்ணி கேட்டாள்.

"அது உங்களோடது அண்ணி. அண்ணனுக்கு அப்புறம் நீங்க இருக்கப்போற வருஷம். ரொம்பத் தூரத்துல இருக்கு, அதனால இன்னிக்கு அதுக்கு மதிப்பு கம்மி. மாசம் அதிகமா வர்ற நாலாயிரத்தை உங்க பேர்ல தனியா போட்டு வச்சாலே இதைவிட நிறையச் சேர்ந்துரும்."

அண்ணன் படிவத்தைக் கையில் எடுத்தார். டிக் அடிக்கவில்லை. பேனாவை விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அண்ணியையே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ சொல்லு. நீதானே அனுபவிக்கப்போறவ. எதுல போட?"

அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு அப்புறமா? நீங்களாவது எனக்கு முன்னாடி போறதாவது! நூறு வயசு வரைக்கும் இந்த நாற்காலியில உக்காந்து என் உயிரை வாங்குவீங்க. நாலாயிரத்தை எதுக்கு விடணும்? முதல் கட்டத்துல போடுங்க." பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கி, தான் போடவேண்டிய கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு, படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நாளாயிற்று என்று கூப்பன் நினைத்தான். தன் கணக்கு தந்த நிம்மதி என்றும் நினைத்தான்.

அடுத்த மாதம் அவன் பரீட்சை தேறினான். அதற்கடுத்த மாதம் மூன்றாவது மாடிக்குப் போனான். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் அவனுக்கு ஒரு நாற்காலியும் இரண்டு திரையும் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எதிர்ச் சாரியில் நின்று, ஒன்று இரண்டு என்று விரலை நீட்டி மாடிகளை எண்ணிவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார். வாசல் காவலாளிதான் மாலையில் சொன்னார்.

அண்ணனுக்கு அந்தக் காலம் நன்றாகத்தான் போயிற்று. அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் குழாய் கெட்டாலும் ஸ்பானரோடு போய் நின்றார். வெளிக்கதவுக்கு மூன்று தடவை பெயின்ட் அடித்தார். மாதம் பிறந்ததும் பென்ஷனை எடுத்து வந்து அண்ணி கையில் கொடுத்து, எண்ணிப் பார்க்கச் சொல்லி, "தம்பி மூணு பக்கம் கணக்குப் போட்டு வாங்கிக் கொடுத்தது," என்பார். தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமும் இதே பல்லவி. இருமல் போகவில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. வேலைக்குப் போகாததால் பசி குறைந்துவிட்டது என்று அண்ணி சொன்னாள். அவரும் நம்பினார், கூப்பனும் நம்பினான்.

பதினான்கு மாதம். கடைசி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அங்கேயும் மூச்சு வாங்க வாங்க, "இந்தச் சளியைக் கரைச்சாப் போதும்," என்றுதான் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார்.

அழுகையெல்லாம் அடங்கியபிறகு கூப்பன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனான். அங்கே இருந்த பெண் கணினியில் பார்த்தாள், பிறகு கோப்பை எடுத்துப் பார்த்தாள். "முதல் கட்டத்துல போட்டிருக்காங்களேம்மா," என்றாள் தணிந்த குரலில். "உங்க கையெழுத்தும் இருக்கு." அண்ணி, "ஆமாம்மா, என்னோடதுதான்," என்றாள். கூப்பனுக்கு அது தெரியாத செய்தி இல்லை. ஆனால் ஒரு மூன்றாம் மனுஷி வாயிலிருந்து கேட்டபோதுதான் அது உறைத்தது.

அன்று அறைக்கு வந்து மூன்று பக்கக் கணக்கைத் திரும்பப் போட்டான். ஒரு வரியில்கூடத் தப்பு இல்லை. அதுதான் கொடுமை. ஒரு தப்பாவது இருந்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டிருப்பான். இருபத்தொன்று என்று அவன் எழுதிய இடத்தில் ஒன்று என்று எழுதிப் பார்த்தான். லாபம் தலைகீழாகக் கவிழ்ந்து, அண்ணிக்குக் கிட்டத்தட்ட பதிமூன்று லட்சம் இழப்பு என்று வந்தது. அவன் எழுதிய எட்டு வருஷம் இருபத்தெட்டு வருஷமாயிற்று. அதுவும் எங்கோ தூரத்தில் இல்லை, நாளைக் காலையிலிருந்தே ஆரம்பம். நாலாயிரத்தைத் தனியாகப் போட்டு வைத்ததில் ஐம்பத்தாறாயிரம் சேர்ந்திருந்தது. அதை மருந்தும் ஆஸ்பத்திரியும் என்றைக்கோ விழுங்கிவிட்டன.

மூன்றாம் மாடிச் சம்பளத்தில் பாதியை உறையில் போட்டு எடுத்துப்போனான். அண்ணி உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உன் சம்பளத்துல நீ சாப்பிடு. எனக்குக் கை கால் இருக்கு." கெஞ்சிப் பார்த்தான், கோபப்பட்டுப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதத்தில் அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் துணி மடிக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். மாதம் எட்டாயிரம். ஐம்பத்துநாலு வயதில், எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை. கூப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதைக் குறைத்துக்கொண்டான். போனால் அவள் வீங்கிய கால்களைப் பார்க்கவேண்டும். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது?

அண்ணன் இருந்த கடைசி மாதத்துக்கு இருபத்து மூன்று நாள் பென்ஷன் பாக்கி வரவேண்டியிருந்தது. அதற்கு ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வேண்டும் என்றார்கள். அண்ணி அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, "எல்லாம் இதுலதான் கிடக்கு, நீயே பாத்துக்க," என்று கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். கூப்பன் தன் அறையில் தரையில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். பில், மருந்துச் சீட்டு, பில். நடுவில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்.

தேதி பார்ப்பது அவன் தொழில். பத்திரத்தில் எதைப் பார்க்கிறானோ இல்லையோ, தேதியைத்தான் முதலில் பார்ப்பான். இதிலும் அதைத்தான் பார்த்தான். படிவத்தில் கையெழுத்தான அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இருபத்தாறு நாள் முந்தைய தேதி. கீழே டாக்டர் கையால் எழுதியிருந்தார். இரண்டு நுரையீரலிலும் பரவிவிட்டது, அறுவைக்கு வழியில்லை, குடும்பத்தாரிடம் விளக்கப்பட்டது, சுமார் ஒரு வருஷம். அதற்கும் கீழே, விளக்கம் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அண்ணியின் கையெழுத்து இருந்தது. படிவத்தில் போட்ட அதே கையெழுத்து.

அவன் ஆபீசுக்குப் போகவில்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். சலவைப் பிரிவு பின்பக்கம், கொதிகலனுக்கு அடுத்த கூடம். உள்ளே ஈரச் சூடு. நீளமான மேசையின் ஓரத்தில் அண்ணி நின்றுகொண்டு படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நிறுத்தினாள். "ஐயோ, அதையும் சேத்துக் கொடுத்துட்டேனா," என்றாள். பிறகு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி? தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்டீங்க?"

"மெதுவாப் பேசு. சூப்பர்வைசர் இருக்காரு."

"ஏன் அண்ணி? என்கிட்டயாவது தனியாச் சொல்லியிருக்கலாமே? ரெண்டாவதுதான் லாபம்னு நானே கணக்கை மாத்திப் போட்டுக் கொடுத்திருப்பேனே!"

"உன்னால பொய் சொல்ல முடியுமாடா? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கும். உங்க அண்ணன் உன்னைப் பாத்த உடனே கண்டுபிடிச்சிருப்பாரு." ஒரு விரிப்பை உதறி, முனைகளைச் சேர்த்தாள். "ரிப்போர்ட் வாங்கப் போன நாள்ல இருந்து தினம் கேட்டாரு. வேற ஏதாவது சொன்னாங்களா, வேற ஏதாவது சொன்னாங்களான்னு. சளின்னுதான் சொன்னேன். பாதி நம்பினாரு, பாதி நம்பல. உங்க அப்பா மாதிரி இவரும் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா நான் என்னடா பண்ணுவேன்? அப்பதான் நீ அந்த மூணு பக்கத்தைக் கொண்டு வந்தே."

கூப்பன் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அன்னிக்கு அவர் கேட்டது கட்டத்தைப் பத்தி இல்ல. என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டாரு. உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், முப்பது வருஷமா நான் பாத்த மூஞ்சி அவரோடது. ரெண்டாவதுல போடுங்கன்னு மட்டும் நான் சொல்லியிருந்தேன்னு வை, அங்கேயே முடிஞ்சிருக்கும். முதல் கட்டம்னு சொன்னேன். அவ்வளவுதான், சிரிச்சாரு பாத்தியா? அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினாரு. அதுக்கப்புறம் ஒரு நாள் கேக்கல."

"இனிமே நீங்க எப்படி அண்ணி..." என்று கூப்பன் ஆரம்பித்தான்.

"பதினாலு மாசம்டா. கதவுக்குப் பெயின்ட் அடிச்சாரு, ஊர் குழாயெல்லாம் ரிப்பேர் பண்ணாரு. தம்பி மூணாவது மாடியில இருக்கான்னு சொல்லாத ஆள் பாக்கி இல்ல. பயமில்லாமப் போனாரு. நீ உன் கணக்கையே நினைச்சுட்டு உக்காந்திருக்காதே. அதுல தப்பில்ல. தெரியாததை எங்கடா எழுதுவே?" அடுக்கின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். பிறகு என்னவோ யோசித்தவளாக நிமிர்ந்தாள். "ஆமா, ரெண்டாவதுல போட்டிருந்தா எனக்கு மாசம் எவ்வளவு வந்திருக்கும்? அன்னிக்குச் சொன்னே, மறந்து போச்சு."

அந்த எண்ணை அவன் தூக்கத்திலும் சொல்வான். "பன்னிரண்டாயிரம் அண்ணி. உயிரோட இருக்கிற வரைக்கும்."

"அவ்வளவுதானா?" என்றாள் அண்ணி. "நான் என்னமோ பெரிசா இருக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன்."

அவளுக்கு அங்கே கிடைப்பது எட்டாயிரம் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவளுடைய விரல்கள் சோப்பும் சூடும் பட்டு வெள்ளையாகத் தோலுரிந்திருந்தன. கூப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் செத்த அன்றுகூட அப்படி அழாதவன், கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்க, குனிந்து குலுங்கி அழுதான்.

"டேய், டேய், துவைச்ச துணி மேல அழாதே," என்று அண்ணி அடுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்புறம் அதை யார் மறுபடி துவைக்கிறது?" சொல்லிவிட்டு அவளும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.